வெயில் நேரத்துச் சாவிகள்

எங்கள் மாடியின் கடைசி வீட்டு அக்கா ஒரு சுவிட்சை அணைத்தால் வேலை அதோடு முடியாது. முதலில் "அடைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வார். பிறகு பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கிய பிளக்கின் மேல் புறங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். சூடு இல்லை என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் நகர்வார். கதவைப் பூட்டிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்து, லிஃப்டும் வந்து வாயைத் திறந்து நிற்கும்போது, "இரும்மா, ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்" என்று திரும்பி நடப்பார். நான் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் தாமதமாகப் போனால் முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார்.

ஒருமுறை இருவரும் மீன் வாங்கப் பாசாருக்குப் போனோம். மீன்காரர் ஒரு பெரிய கெண்டையைத் தராசில் போட்டு, விலை சொல்லி, வெட்டவும் தொடங்கிவிட்டார். அக்காவின் முகம் மாறியது. "ரைஸ் குக்கர அடைச்சேனா?" என்றார். "அடைச்சீங்க க்கா, நான் பாத்தேன்" என்றேன். நான் பார்க்கவில்லை, சும்மா சொன்னேன். அவருக்கும் அது தெரியும். காசை என் கையில் திணித்துவிட்டு வெயிலில் குடைகூட இல்லாமல் வேகமாக நடந்து போனார். மீனை வாங்கிக்கொண்டு நான் வந்தபோது வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "அடைச்சிதான் இருந்திச்சு" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபப்பட முடியாது.

அவருக்குப் பெயர் உண்டு. மாடியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிர்வீட்டில் இருக்கும், கோப்பிக் கடையில் மீ நூடுல்ஸ் விற்கும் சீனக் குடும்பத்துப் பெண், அடுத்த வீட்டு மலாய் டீச்சர், எல்லோருக்கும் அவர் அக்காதான். கோலாலம்பூரில் இருக்கும் அவருடைய மகன் என்னை அக்கா என்பான். அவனுடைய அம்மாவை நான் அக்கா என்பேன். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு குழப்பமே இல்லை.

இந்த "அடைச்சாச்சு" எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கல்யாணமான புதிதில் அவரும் கணவரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் அயர்ன் பெட்டி சுவிட்சு அணைக்காமலே இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது மேசை பொசுங்கி, சட்டை பொசுங்கி, வீடு முழுக்கப் புகை. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருடைய கணவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்பாராம்: "அடைச்சாச்சா?" உள்ளேயிருந்து இவர் "அடைச்சாச்சு" என்பாராம். "சரி, கதவச் சாத்திட்டு வா" என்பாராம். வாழ்நாள் முழுக்க இந்த மூன்று வரி. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் இந்த மாடிக்குக் குடிவரும் முன்பே இறந்துவிட்டார்.

"இப்ப யாரு கேக்குறா? நானே சொல்லிக்கிட்டாதான் உண்டு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தார்.

பிறகுதான் இலவசக் கரண்டு வந்தது.

எங்கள் ஃபிளாட்டின் கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்த ஒரு கம்பெனி, நிர்வாகத்தோடு பேசி ஒரு சலுகை தந்தது. பகல் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வீட்டில் எவ்வளவு கரண்டு ஓடினாலும் கட்டணம் கிடையாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அன்று மாலை மாடியே குதூகலமாக இருந்தது. சீனத்துப் பெண் மூலிகைச் சூப்பை மணிக்கணக்கில் கொதிக்கவைக்கப் போவதாகச் சொன்னார். டீச்சர் வாரத் துணி முழுவதையும் துவைத்துக் காயவைக்கும் மெஷினில் போடப் போவதாகச் சொன்னார். நானும் கணக்குப் போட்டேன். அரைக்கிறது, வேகவைக்கிறது, துவைக்கிறது எல்லாவற்றையும் பகலுக்குத் தள்ளிவிட்டால் பில் பாதியாகிவிடும்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பகல் பதினொரு மணிக்கு எங்களில் யார் வீட்டில் இருக்கிறோம்? டீச்சர் பள்ளிக்கூடத்தில். சீனத் தம்பதி கோப்பிக் கடையில். என் கணவர் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில். நான் புடவை மடித்துக்கொண்டிருப்பேன். கையில் ஓசிக் கரண்டு, சுவிட்சைத் தட்டிவிட ஆளில்லை.

டீச்சர் தன் மெஷினில் டைமர் இருப்பதாகச் சொன்னார். காலையில் நேரத்தைக் குறித்து வைத்துவிட்டால் பதினொரு மணிக்குத் தானாக ஓடும். அக்கா அதைக் கேட்டதும் பதறிப்போய்விட்டார்.

"ஆள் இல்லாத வூட்டுல மெஷின் தானா தட்டிக்குமா? தானா நெருப்பு புடிச்சா யாருலா வந்து அடைப்பா?" என்றார். பிறகு கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. நான் வூட்டுலதானே இருக்கேன்."

அப்படித்தான் மாடியின் சாவிகள் அவரிடம் போய்ச் சேர்ந்தன. சுவிட்சைக் கண்டாலே பயப்படும் பெண்ணிடம் எல்லா வீட்டுச் சுவிட்சுகளையும் ஒப்படைத்தோம். அப்போது அது எங்களுக்கு மிகப் புத்திசாலித்தனமாகப் பட்டது. பயப்படுகிறவர்தானே கவனமாக இருப்பார்?

ஒவ்வொரு சாவியிலும் ஒரு ரவிக்கைத் துண்டைக் கட்டினார். டீச்சருக்குப் பச்சை, சீனத்து வீட்டுக்குச் சிவப்பு, எனக்கு ஊதா. எல்லாத் துண்டும் என் கடையிலிருந்து வந்த வெட்டுத் துணிதான். பதினொரு மணிக்குக் கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். துணியையும் சோப்பையும் நாங்கள் காலையிலேயே மெஷினில் போட்டுவிட்டுப் போயிருப்போம். அரிசி களைந்து குக்கரில் இருக்கும். சூப்புச் சட்டியில் வேர்களும் கோழியும் கிடக்கும். ஒரு வீட்டில் தட்டிவிட்டு அடுத்த வீடு. கடைசி வீடு முடிந்ததும் மறுபடி முதல் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார். ஒரு விடுமுறை நாளில் நான் வீட்டில் இருந்து கேட்டேன், மாடியே ஆலைபோல் உறுமியது. கிரைண்டர் ஒரு பக்கம், துணி மெஷின் ஒரு பக்கம். நடுவில் அக்காவின் செருப்புச் சத்தம்.

அயர்ன் பெட்டியை மட்டும் தொடமாட்டார். "அது மட்டும் என்ட்ட சொல்லாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இன்னொரு சொல்லும் அவரிடம் அடிக்கடி வரும்: "கரண்டு ஓசிதான். நெருப்பும் ஓசியா வந்துடப் போவுது, பாத்துக்க."

அவரோடு ஒரே ஒரு விஷயத்தில் சண்டை போட்டுத் தோற்றேன். சலுகை கடிகாரத்தைப் பொறுத்தது, வானத்தைப் பொறுத்தது அல்ல. மழை பெய்தாலும் அந்த நேரத்தில் கட்டணம் கிடையாது. அறிவிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. அக்கா நம்பவில்லை. வெயிலிலிருந்து வருகிற கரண்டு வெயில் இல்லாதபோது எப்படி இலவசமாக வரும்? பதினொரு மணிக்கு முன்னால் வராந்தாவில் நின்று தூரத்தில் தெரியும் கொடிமலையைப் பார்ப்பார். மலையுச்சி தெரிந்தால் கிளம்புவார். மேகம் மூடியிருந்தால் சாவியைத் தொடமாட்டார். மாலையில் நாங்கள் வந்து பார்த்தால் ஊறிப்போன அரிசியும் நாறத் தொடங்கிய ஈரத்துணியும் காத்திருக்கும்.

"மழையில ஓட்டி, உங்க வூட்டுக்கெல்லாம் பில்லு ஏறிச்சின்னா யாரும்மா பதில் சொல்றது? என்னய நம்பில்ல சாவி குடுத்திருக்கீங்க" என்பார். டீச்சர் பொறுமையாக அறிவிப்பைப் படித்துக் காட்டினார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் மலையைத்தான் பார்த்தார்.

நாங்கள் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது ஒரு நல்ல வெயில் நாளில்தான். தலைவலி என்று பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. ஊதாத் துண்டு கட்டிய சாவி பூட்டிலேயே தொங்கியது. அக்கா என் சமையலறையில், குக்கர் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி அசையாமல் நின்றார். என்னைப் பார்த்தும் விரலை எடுக்கவில்லை. குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"இப்ப நான் தட்ட வந்தேனா, அடைக்க வந்தேனா?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. குக்கரைத் திறந்து பார்த்தேன். சோறு வெந்து, ஆறியும் போயிருந்தது. "அடைக்கத்தான் வந்தீங்க க்கா, அடைச்சாச்சு" என்றேன். "ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. லிஃப்ட் வரை போய்த் திரும்புவதையும், பாசாரிலிருந்து ஓடுவதையும் நாங்கள் ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தோம். ஒருவேளை கொஞ்ச காலமாகவே அவர் உண்மையிலேயே நினைவில்லாமல்தான் திரும்பி ஓடுகிறாரோ? அப்படியானால் எங்கள் வீடுகளெல்லாம் இப்போது யார் கையில் இருக்கின்றன?

உடனே சாவியை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்றால், அவருடைய மகன். அம்மாவைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று அவன் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளைதான். தனியாக இருக்கிறாரே என்ற கவலை. ஒவ்வொரு தடவையும் அக்கா சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "மாடி பூரா என் கையிலதான்பா இருக்கு. நான் எப்படி வர முடியும்?" அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். சாவியை வாங்கினால் அந்தப் பதிலையும் வாங்கிக்கொள்வதாகிவிடும். கணவரோடு வாழ்ந்த வீட்டை விட்டு, யாரையும் தெரியாத ஊரில், மகன் வீட்டு அறை ஒன்றில் போய் உட்கார வேண்டும். அவன் வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தி, "அக்கா, அம்மா ஓக்கேதானே? எதாச்சும்னா என்ட்ட சொல்லிருங்க" என்று கேட்டிருந்தான். "ஓக்கேதான் தம்பி" என்று சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு கடையில் என் வேலை ஓடவில்லை. பதினொரு மணி ஆனால் அக்கா இப்போது எந்த வீட்டில் நிற்பார் என்று எண்ணத் தொடங்குவேன். தெருவில் பாட்டுக் கடைகள் போடும் சத்தத்தையும் மீறி எனக்குப் பொம்பா வண்டியின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். தீயணைப்பு வண்டிக்கு எங்கள் ஊரில் பொம்பாதான் பெயர். சத்தம் கேட்டால் புடவையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது? எங்கள் பக்கம் திரும்பவில்லை என்றால் உள்ளே வருவேன். முதலாளியம்மா என்னை டாக்டரிடம் போகச் சொன்னார். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் லிஃப்ட் வரை போய்த் திரும்பத் தொடங்கினேன். ஒருநாள் என்னையறியாமல் புறங்கையால் பிளக்கைத் தொட்டுக்கொண்டு நின்றேன். என் கணவர் பார்த்துவிட்டு, "உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார்.

அந்த மழை நாள் நல்ல வெயிலோடுதான் தொடங்கியது. மலை பளிச்சென்று தெரிந்தது. அக்கா கிளம்பியிருப்பார் என்று கடையில் இருந்தபடி நினைத்துக்கொண்டேன். மதியம் நெருங்கும்போது திடீரென்று இருட்டியது. காற்று கிளம்பி, வாசலில் தொங்கவிட்ட புடவைகளெல்லாம் பறந்தன. எல்லோரும் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. எல்லா வீட்டிலும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மேகம் வந்தால் அக்கா என்ன செய்வார்? இத்தனை நாளில் அப்படி நடந்ததே இல்லை. மூடியிருந்தால் தொடங்கமாட்டார், வெயிலானால் முடித்துவிடுவார். நடுவில் வந்தால்?

போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். அப்போது பொம்பா வண்டி போனது. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். எங்கள் பக்கம்தான் திரும்பியது.

முதலாளியம்மாவிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மழையில் ஓடினேன். பாதி வழியில் ஒரு பெரிய மரம் சாலையில் விழுந்து கிடந்தது. பொம்பா வண்டி அதற்குத்தான் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அப்படியே திரும்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. வீட்டுப் பக்கமே நடந்தேன்.

லிஃப்ட் கதவு திறந்ததும் தீய்ந்த வாடை வந்தது.

வராந்தா முழுக்க மெல்லிய புகை. அது வந்தது என் வீட்டிலிருந்து அல்ல, டீச்சர் வீட்டிலிருந்தும் அல்ல. கடைசி வீட்டிலிருந்து. வராந்தாப் பக்கம் இருக்கும் அக்காவின் சமையலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாக வந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன், உதைத்தேன். "அக்கா! அக்கா!" பதில் இல்லை. உள்ளே விழுந்து கிடக்கிறார் என்றே நினைத்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா உள்ளே துணி மெஷினின் பிளக்கின் மேல் புறங்கையை வைத்து நின்றார். தலையெல்லாம் வியர்வை.

"இத அடைச்சேன். அடைச்சேன்ல? நீ வந்து பாரும்மா. வெயிலு போயிடிச்சி, எல்லாத்தையும் அடைக்கணும். உன் வூட்ட அடைச்சாச்சு. சீனத்தி வூடு அடைச்சாச்சு. இதத்தான்…"

"க்கா, உங்க வூட்டு சாவி எங்க?"

கொத்தை நீட்டினார். பச்சை, சிவப்பு, ஊதா, மற்ற வீடுகளின் துண்டுகள். அவருடைய சாவி இல்லை. அது உள்ளே, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேகத்தைப் பார்த்த அவசரத்தில் எங்கள் சாவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கதவை இழுத்துவிட்டார். இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. மாடியில் எல்லோர் சாவியும் அவரிடம் இருந்தது. அவருடைய சாவி எங்கள் யாரிடமும் இல்லை. கேட்டு வாங்கி வைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என் வூட்டுல என்னா?" என்றார். "நான் ஒண்ணும் தட்டலியே."

ஜன்னல் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஒன்று உடைந்து கையைக் கீறியது. பின்னால் இரும்புக் கம்பி. புகைக்கு நடுவே பார்த்தபோது தெரிந்தது: கரண்டு அடுப்பின் மேல் பெரிய சட்டி, தண்ணீர் வற்றி, உள்ளே கரியாகிப்போன பச்சைப்பயறு. எங்கள் எல்லோருக்கும் மாலையில் கொடுப்பதற்காக வெயில் நேரத்தில் அவர் வைக்கும் கஞ்சி. பக்கத்தில் கிடந்த பிடிதுணியின் ஓரம் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் எண்ணெய்ப் பாட்டில்.

சுவிட்சு பக்கத்துச் சுவரில், அடுப்புக்கு மேலே இருந்தது. கம்பிக்குள் கையை விட்டால் எட்டவில்லை. என் வீட்டிலிருந்து மாப்புக் கம்பை எடுத்து வந்தேன். கம்பிக்குள் அதை நுழைத்துக் குத்தினேன். முதல் குத்து சுவரில் பட்டது. அடுத்த குத்தில் உப்பு டப்பா விழுந்தது. கண் எரிந்தது, எதுவும் தெரியவில்லை. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். அடுப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கம்பி வழியாக அந்தத் துணியின் மேல் வீசினேன். இன்னொரு வாளியும் வீசினேன். அதன் பிறகு அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாவிக்கொத்தை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"அடைச்சாச்சா?" என்று கேட்டார்.

"அடைச்சாச்சு க்கா."

பூட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தார். சுவர் கறுத்தது, சட்டி போனது, வேறு ஒன்றும் இல்லை. மாலைக்குள் இருவரும் சேர்ந்து கழுவிவிட்டோம். உடைந்த பட்டைக்குப் புதுக் கண்ணாடி போட்டோம்.  கடைசியில் அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டு, "மவன்ட்ட சொல்லாதம்மா" என்றார். நான் தலையாட்டினேன். மற்ற வீட்டுக்காரர்களிடம் புகையை எப்படி விளக்குவது, நாளைக்குப் பதினொரு மணிக்கு என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசித்தேன். ஒன்று மட்டும் செய்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி அந்த வாரம் முழுக்கக் கடைக்கு மதியத்துக்கு மேல்தான் போனேன். பதினொரு மணிக்கு அவரோடு நானும் வீடு வீடாகச் சுற்றினேன். 

சனிக்கிழமை மகன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னலைப் பார்த்துவிட்டான். பழைய பட்டைகளெல்லாம் தூசி படிந்து மங்கிக் கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் புதிதாகப் பளபளத்தது. உள்ளே போனான், மூக்கைச் சுருக்கினான். சுவரில் நாங்கள் எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு நிழல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்ன நடந்துச்சு?"

 சொன்னால் அவர் வீடு போகும். சொல்லாவிட்டால் அடுத்த முறை நான் கடையிலிருந்து ஓடிவருவதற்குள் என்னவெல்லாம் நடக்கும்? வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அவளக் கேக்காத" என்றார் அக்கா. "நான்தான்பா மறந்துட்டேன். எல்லார் வூட்டையும் அடைச்சேன், என் வூட்ட மறந்துட்டேன்."

அவன் கோபப்படவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "வந்துருங்கம்மா" என்றான். இந்த முறை அவர் மாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சாவியெல்லாம் குடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

அவரேதான் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். டீச்சரிடம், "உன் மெஷின் பிளக்கு சூடாவுது, ஆளக் கூப்பிட்டு மாத்திரு" என்றார். சீனத்துப் பெண் சாவியை வாங்க மாட்டேன் என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே அவருடைய சட்டைப் பைக்குள் போட்டார். என் சாவியைக் கொடுத்தபோது கூடவே இன்னொரு சாவியும் இருந்தது. அதில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. அவர் வீட்டுச் சாவி. அந்தச் சாவி வேறொருவர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "ஒரு தடவ பாத்துக்கம்மா" என்றார். இந்த முறை அவர் இறங்கித் திரும்பி ஓடவில்லை.

இப்போது எங்கள் மாடியில் எல்லோரும் டைமர் வைத்துவிட்டுப் போகிறோம். பதினொரு மணிக்கு மெஷின்கள் தானாகத் தொடங்குகின்றன. மழை பெய்தாலும் தொடங்குகின்றன. கடையில் பொம்பா சத்தம் கேட்டால் நான் இன்னமும் வாசலுக்கு ஓடுவேன். அந்தப் பழக்கம் போகவில்லை, போகும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

அக்கா தினமும் இரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்வார். சாப்பிட்டாயா, வெயிலா, மலை தெரிகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அடைச்சாச்சா?" என்பார். புடவையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாலும் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு "அடைச்சாச்சு க்கா" என்பேன். அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத் தினமும் காலையில் மஞ்சள் துண்டுச் சாவியால் அவர் வீட்டைத் திறந்து உள்ளே போவேன். மெயின் சுவிட்சே அணைத்துக் கிடக்கும் வீடு. இருந்தாலும் ஒவ்வொரு பிளக்காகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். எல்லாம் சில்லென்று இருக்கும். "அடைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பூட்டுவேன்.

போன மாதம் ஒருநாள் இரண்டு மணி தாண்டியும் போன் வரவில்லை. மனம் கேட்காமல் நானே கூப்பிட்டேன். மகன் எடுத்து அவரிடம் கொடுத்தான்.

"யாரு?" என்றார்.

"நான்தான் க்கா."

"யாரு?"

பெயரைச் சொன்னேன். மாடியைச் சொன்னேன். ஊதாத் துண்டைச் சொன்னேன். மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.  வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் கேட்டார்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு க்கா."

"சரி" என்றார். "கதவச் சாத்திட்டு வா."